லிட்டரல் ஈவால்: பயனர் உள்ளீட்டைப் பைத்தானின் பார்சரிடமே ஒப்படைக்கலாமா?

பயனர் தட்டச்சு செய்த ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துச்சரத்தை, எண்ணாகவோ பட்டியலாகவோ மாற்ற வேண்டிய இடத்தில், சொந்தமாகப் பார்சர் (உரையைப் பகுத்து அதன் அமைப்பை அறியும் நிரல்) எழுதச் சோம்பல்படும் நிரலாளர்கள் பலரும் நாடுவது பைத்தான் நிரல்மொழியின் ஏஎஸ்டி (ast) தொகுப்பில் உள்ள லிட்டரல் ஈவால் (literal_eval) என்ற ஃபங்ஷனை. 2008-இல் வெளிவந்த 2.6 பதிப்பு முதல் மொழியுடனேயே கிடைப்பதால், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

கொடுத்த உரையை நிரலாகவே இயக்கும் வெறும் ஈவாலுடன் (eval) ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். ஈவால், கோப்பை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தாலும் தயங்காமல் இயக்கிவிடும். பைத்தான் 2-இல் இன்புட் என்ற ஃபங்ஷனே பயனர் எழுதியதை ஈவாலுக்கு அனுப்பியது என்பதை இன்று நம்புவது கடினம். லிட்டரல் ஈவாலோ, மொழியின் பார்சரைக் கொண்டு தொடரியல் மரத்தை (உரையின் இலக்கண அமைப்பைக் காட்டும் கிளைவடிவம்) கட்டியபின், அதில் எண், எழுத்துச்சரம், பட்டியல், டிக்‌ஷனரி போன்ற நேரடி மதிப்புகள் மட்டுமே உள்ளனவா என்று பார்க்கிறது. ஃபங்ஷன் அழைப்போ மாறியின் பெயரோ தென்பட்டால் வேல்யூ எரர் என்ற பிழையை எழுப்பி நின்றுவிடுகிறது. 3.7 முதல் 2+3 என்பதைக்கூட ஏற்பதில்லை. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இது படிப்பது பைத்தானின் இலக்கணத்தை. பயனருக்கு அந்த இலக்கணம் தெரியாது. கடன் தொகைக்கான பெட்டியில் ஒருவர் நம் வழக்கப்படி 1,50,000 என்று எழுதினால், ஒன்றரை லட்சம் கிடைக்காது. 1, 50, 0 என்ற மூன்று எண்கள் கொண்ட டியூபிள் (மாற்றமுடியாத வரிசை), எந்தப் பிழையும் எழாமல், கைக்கு வரும். அதே ஆள் 1,50,050 என்று எழுதியிருந்தால், பூஜ்யத்தில் தொடங்கும் எண் செல்லாது என்று சின்டாக்ஸ் எரர் என்ற இலக்கணப் பிழை விழும். பிழை விழுவதே மேல். சென்னையின் எஸ்டிடி குறியீடான 044-உம் இவ்வாறே மறுக்கப்படும். பைத்தான் 2-இல் அது எட்டின் அடிமான (ஆக்டல்) எண்ணாகக் கொள்ளப்பட்டு 36 ஆகிவிடும். பட்டியலில் இரு மேற்கோள் சொற்களுக்கு இடையே காற்புள்ளி விட்டுப்போனால், இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிடும்.

ஒரு பைத்தான் நிரல் ரெப்ர் (மதிப்பைப் பைத்தான் இலக்கணத்திலேயே எழுத்தாக்கும் ஃபங்ஷன்) வழியாக எழுதிவைத்த தரவை மற்றொரு பைத்தான் நிரல் திரும்பப் படிப்பதற்கே இதை நான் பரிந்துரைப்பேன். படிவங்களுக்கு முழு எண்ணுக்கான இன்ட், தசம எண்ணுக்கான டெசிமல் ஆகியவற்றோடு காற்புள்ளியை நீக்கும் ஒரு வரி போதும். இணையம் வழி வரும் தரவுக்கு ஜேசன் (தரவைப் பரிமாறும் ஒரு வடிவம்) தொகுப்பு உண்டு, வேகமும் அதில் கூடுதல். தவிர, ஜேசனின் ட்ரூ (true), பைத்தானின் ட்ரூ (True) போலன்றிச் சிறிய எழுத்தில் தொடங்குவதால், லிட்டரல் ஈவால் அதை மாறியின் பெயராகக் கருதித் தள்ளிவிடும்.

பாதுகாப்பு விஷயத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. முன்பு இதைப் பாதுகாப்பானது என்று விவரித்த அதிகாரபூர்வ ஆவணமே, அந்த விவரிப்பு தவறான எண்ணத்தைத் தருவதாக இப்போது ஒப்புக்கொள்கிறது: அந்நியக் கட்டளை எதுவும் இயங்காது என்றாலும், ஒப்பீட்டளவில் சிறிய உள்ளீடே நினைவகத்தையோ ஃபங்ஷன் அழைப்புகளுக்கான ஸ்டாக் என்ற நினைவிடத்தையோ தீர்த்து நிரலை வீழ்த்திவிடக்கூடும் என்பதால், நம்பகமற்ற தரவுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அந்த ஆவணம் கூறுகிறது.