ஏரித் தண்ணீரில் குளிரும் வளாகம்: கார்னெல் குளிரூட்டல் அமைப்பு எப்படி?

நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் உள்ள கார்னெல் பல்கலைக்கழகம், 2000 ஜூலையிலிருந்து கயூகா ஏரியின் அடித்தண்ணீரை வைத்துத் தன் கட்டடங்களைக் குளிர்வித்து வருகிறது. பக்கத்திலுள்ள இத்தாக்கா உயர்நிலைப் பள்ளிக்கும் இதே குளிர்ச்சிதான் போகிறது. வளாகக் குளிரூட்டலில் வேலை பார்க்க நினைக்கும் பொறியாளர் முதலில் படிக்க வேண்டிய அமைப்பு இதுதான் என்பேன். குறை இல்லாதது என்பதால் அல்ல. எந்த முடிவை ஏன் எடுத்தார்கள் என்பது இதில் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது.

தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். அங்கே குளிர்காலத்தில் மேல்தண்ணீர் அந்த அளவுக்குக் குளிர்ந்து அடியில் இறங்கிவிடும். கோடையில் மேலே வெப்பம் ஏறினாலும் அடி அசையாது. சுமார் 76 மீட்டர் ஆழத்தில் வாய் வைத்து, 1.6 மீட்டர் விட்டமுள்ள பாலிஎத்திலீன் குழாய் 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கரைக்கு வருகிறது. ஆழத்திலிருந்து இறைப்பதற்கு மின்சாரம் கொட்ட வேண்டியிருக்குமே என்று தோன்றும். வேண்டாம். கரையிலுள்ள கிணறு ஏரி மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் தானே மட்டம் பிடிக்கும். பம்பு ஈடுகட்டுவது குழாய் உராய்வைத்தான்.

ஏரித் தண்ணீர் மலை மேலுள்ள வளாகத்துக்கு ஏறுவதே இல்லை. கரையிலேயே தகட்டு வெப்பப் பரிமாற்றிகளில் (இரு தண்ணீரும் கலக்காமல் மெல்லிய தகடுகள் வழியே வெப்பம் மட்டும் மாறும் கருவிகள்) குளிர்ச்சியை வாங்கிக்கொண்டு, வேறொரு மூடிய சுற்றுத் தண்ணீர் மேலே போய் வருகிறது. மூடிய சுற்றில் ஏறும் தண்ணீரை இறங்கும் தண்ணீர் சமன் செய்துவிடும். ஆனால் நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயர வித்தியாசத்தால் கரையிலுள்ள தகடுகளும், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளும் 10 பாருக்கு மேல் (காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்கு) அழுத்தத்தை எப்போதும் தாங்கியாக வேண்டும். இங்கே மலிவான தகட்டை வாங்க முடியாது.

பல்கலைக்கழகம் சொல்லும் மின்சேமிப்பு, பழைய சில்லர்களோடு (கம்ப்ரசர் வைத்துத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரங்கள்) ஒப்பிட்டால் சுமார் 86 சதவீதம். நல்ல சில்லர்கூட கம்ப்ரசருக்கு மட்டும் ஒரு டன் குளிர்ச்சிக்கு (டன் என்பது குளிரூட்டும் திறனின் அளவு, சுமார் 3.5 கிலோவாட்) 0.5 முதல் 0.6 கிலோவாட் கேட்கும். இங்கே கம்ப்ரசரே இல்லை, எனவே கணக்கு நம்பும்படி இருக்கிறது.

ஆனால் அந்தச் சேமிப்பு ஏரியில் மட்டும் இல்லை, கட்டடங்களுக்குள்ளும் இருக்கிறது. ஒரு டன் குளிர்ச்சிக்கு, போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் 8 டிகிரி வித்தியாசம் இருந்தால் நிமிடத்துக்கு 6.3 லிட்டர் போதும். வித்தியாசம் 4 டிகிரியாகச் சுருங்கினால் 12.6 லிட்டர் வேண்டும். அதே குழாயில் இரட்டிப்பு ஓட்டம் என்றால் உராய்வு நான்கு மடங்கு, பம்பின் மின்சாரம் எட்டு மடங்கை நெருங்கும். கம்ப்ரசரை ஒழித்துக் கிடைத்த லாபத்தைப் பம்பே தின்றுவிடும்.

வித்தியாசம் சுருங்குவதற்குக் காரணங்கள் எல்லா வளாகங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மூவழி வால்வு, குளிர்ந்த தண்ணீரை வேலை வாங்காமலே திரும்பும் குழாயில் கலந்துவிடும். அதைக் கழற்றி, தேவைக்கேற்ப ஓட்டத்தையே குறைக்கும் இருவழி வால்வு போட வேண்டும். ஏ.ஹெச்.யூ (காற்றைக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்) அனுப்பும் காற்றின் வெப்பநிலையை யாராவது 13 டிகிரியிலிருந்து 11-க்குக் குறைத்துவிட்டால் வால்வு முழுக்கத் திறந்தபடியே நிற்கும். அதற்குள் குளிர்நீர் ஓடும் காயிலில் அழுக்குப் படிந்தாலும் அதே கதிதான். பழைய பைபாஸ் (குறுக்குவழிக் குழாய்) ஒன்று மூடாமல் கிடப்பதும் உண்டு. ஆய்வைப் பம்பு அறையில் தொடங்க வேண்டாம். ஒவ்வொரு கட்டடத்திலும் போகும், திரும்பும் வெப்பநிலையை ஒரே நேரத்தில் எடுத்து, வித்தியாசம் மிகக் குறைந்த கட்டடத்திலிருந்து தொடங்குங்கள்.

தகட்டில் படிவு சேர்வதையும் எண்களே காட்டிக்கொடுக்கும். ஓட்டம் மாறாமல் அழுத்த இழப்பு ஏறினால் தகடுகளுக்கு நடுவிலுள்ள வழி அடைபடுகிறது. ஏரித் தண்ணீருக்கும் வளாகத்துக்குப் போகும் தண்ணீருக்கும் உள்ள வெப்பநிலை இடைவெளி விரிந்தால் தகட்டில் படலம் சேர்கிறது.

இந்த அமைப்பின் பெரிய குறை சுற்றுச்சூழல் பக்கம். அடித்தண்ணீரில் பாசிக்கு உரமாகும் கரைந்த பாஸ்பரஸ் அதிகம். அது ஆழம் குறைந்த தென்முனையில் திரும்ப விடப்படுகிறது. ஏற்கெனவே பாசிக்கு இடம் கொடுக்கும் பகுதி அது. அங்குள்ளோர் எழுப்பிய எதிர்ப்பு நியாயமானது. உறிஞ்சும் வாயைப் போலவே வெளியேற்றும் வாயையும் ஆழத்தில் வைப்பதா என்ற கேள்வியைத் திட்டத் தொடக்கத்திலேயே தீர்ப்பது நல்லது.

தமிழ்நாட்டு வளாகத்துக்கு இதை அப்படியே கொண்டுவர முடியாது. நம் குளிர்காலம் எந்த ஏரியையும் 4 டிகிரிக்கு இறக்காது. கார்னெல் வளாகத்திலுள்ள 44 லட்சம் கேலன் குளிர்நீர்த் தொட்டியை மட்டும் பார்த்துப் படிக்கலாம். இரவில் குளிர்வித்துச் சேமித்து, பகல் உச்சத்தில் எடுத்துக்கொள்வது எந்த ஊரிலும் நடக்கும். ஆனால் தொட்டியில் மேலே வெதுவெதுப்பும் கீழே குளிரும் கலக்காமல் நிற்க, திரும்பும் தண்ணீர் போதிய வெப்பத்தோடு, மெதுவாக, டிஃப்யூசர் (ஓட்டத்தைப் பரப்பிவிடும் அமைப்பு) வழியே நுழைய வேண்டும். அதனால் தொட்டி வாங்கும் முன்பே கட்டடங்களின் வால்வுகளைச் சரி செய்துவிடுங்கள்.