பேஸ்புக் லைவா, வாட்ஸ்அப் நியூஸ் கார்டா?

தேர்தல் நேரத்துல நியூஸ்காரங்க நம்ம போனுக்கு ரெண்டு வழியிலதான் வராங்க. லைவ்ல ஆளு பேசுறத வெட்டாம பாக்கலாம், கூட்டம் கை தட்டுதா சும்மா நிக்கிதான்னும் தெரியும், ஆனா எங்க தோட்டத்து லய வீட்டுல சிக்னல் ஒரு கோடுதான், சுத்திக்கிட்டே நிக்கும், டேட்டாவும் பறந்துடும். கார்டுன்னா படத்து மேல ஒரு வரி செய்தி, டக்குனு எறங்கும், காலையில வேலைக்கு பேர் குடுக்குற பிரட்டுக்களத்துல நிக்கிறப்பவே பாத்துடலாம். பிரச்சினை என்னன்னா, 2024 மே தினத்துக்கு மலையகத்து கொட்டகலையில, அப்ப இலங்கை ஜனாதிபதியா இருந்த ரணில், தோட்டத் தொழிலாளிக்கு நாளுக்கு 1700 ரூவா சம்பளம்னு சொன்னது ஒரே வரியில கார்டுக்குள்ள அடங்கிரும், அப்புறம் தோட்டக் கம்பெனிக்காரங்க கோர்ட்டுக்கு போயி செப்டம்பர்ல 1350க்கு வந்து நின்ன கதைக்கு அதுல எடம் ஏது? லோகோவ ஒட்டி பொய்க் கார்டு செய்யுறவன் வேற இருக்கான். ரிசல்ட் ராத்திரிக்கு எனக்கு கார்டு போதும், வாக்குறுதின்னா லைவ்தான், டவுனுக்கு போறப்ப முழுசா பாத்துடுவேன்.