165 யூரோவுக்குக் கடாக்கேஸ்: வராத வண்டியின் கணக்கு

ஸ்பெயினில், பார்சிலோனாவின் எல் பிராட் விமான நிலையத்திலிருந்து வடக்கே உள்ள கடாக்கேஸ் என்ற கடலோர ஊருக்குத் தனி வண்டி. பெரியவர்கள் மூவர், ஆறு வயதுக் குழந்தை ஒன்று, பெரிய பெட்டிகள் நான்கு. ஒரு வழிக்கு 165 யூரோ, போக வர 330, முழுப் பணமும் இணைய முன்பதிவுத் தளம் ஒன்றில் முன்கூட்டியே. இந்த முன்பதிவு இரண்டு தடவை கெட்டது. போகும்போது வண்டியே வரவில்லை, ஆனால் "பயணி வரவில்லை" என்று பதிவாகிவிட்டது. திரும்பும்போது ஐம்பது நிமிடம் தாமதமாக ஒரு சிறிய கார் வந்தது. நான்கு பெட்டிகளில் இரண்டுதான் டிக்கியில் ஏறின. இடையில், வருகைக் கூடத்தில் "டாக்ஸி? டாக்ஸி?" என்று கிசுகிசுத்தபடி வந்தவனிடம் 280 யூரோ ரொக்கம் போனது, அதற்கு மேல் சுங்கம் என்று 24 யூரோ. தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி இயங்கும் தளங்கள் நிறைய, பெயரை மாற்றிக்கொண்டு வருபவையும் உண்டு. எந்த இடத்தில் எப்படிக் கெட்டது என்பதுதான் அடுத்து போகிறவர்களுக்குப் பயன்படும்.

விலையே முதல் எச்சரிக்கை மணி. எல் பிராட்டிலிருந்து கடாக்கேஸ் ஏறக்குறைய 185 கி.மீ. சாலை காலியாக இருந்தால் இரண்டேகால் மணி நேரம். ஆகஸ்ட் சனிக்கிழமை என்றால் மூன்றைத் தாண்டும். இறக்கிவிட்ட பிறகு அங்கிருந்து இன்னொரு சவாரி கிடைக்கும் என்று எந்த ஓட்டுநரும் நம்புவதில்லை, காலி வண்டியோடுதான் திரும்புவார். ஆக மொத்தம் 370 கி.மீ., ஐந்து மணி நேர வேலை. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் வண்டி என்றால் டீசல் மட்டும் 26 லிட்டர், 40 யூரோவை ஒட்டி வரும். பயணக் கட்டணத்துக்கு ஸ்பெயினில் 10 விழுக்காடு வாட் வரி. தளத்தின் தரகு, வண்டித் தவணை, காப்பீடு இவற்றையும் கழித்துப் பாருங்கள், 165-இல் ஓட்டுநர் கையில் நிற்பது என்ன? இந்தத் தூரத்துக்கு முறையான வண்டி 250 முதல் 350 யூரோ வரை கேட்பதே இயல்பு. அதில் பாதி விலைக்குக் கிடைத்தால் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ வேண்டாம். அந்த விலைக்கு யாரும் வண்டியை எடுக்கப் போவதில்லை என்று பொருள்.

இந்தத் தளங்கள் பலவற்றுக்குச் சொந்த வண்டி கிடையாது. வாங்கிய சவாரியைத் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு உள்ளூர் நிறுவனத்துக்குத் தள்ளும். அந்த நிறுவனம் தன் வண்டிகள் நிரம்பியிருந்தால் ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடும். கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் தொகை கொஞ்சம் குறையும். கடைசியில் குழுவில் நிற்கும் விலையைப் பார்த்து எவரும் கை தூக்குவதில்லை. பணம் கட்டியவர் கையில் இருப்பதோ "உறுதி செய்யப்பட்டது" என்ற பச்சை எழுத்து மட்டும். பயணத்துக்கு முந்தைய மாலை வரை ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் வரவில்லை என்றால், சவாரியை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாக ரத்து செய்யும் கெடு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே முடிந்துவிடும். எனவே விவரம் கேட்கும் செய்தியை 30 மணி நேரம் முன்பே அனுப்பிவிட வேண்டும். 12 மணி நேரம் முன்பு கேட்டால் கோபப்பட மட்டுமே முடியும். நடுவில் வேறொரு எண்ணிலிருந்து "முன்பதிவை உறுதி செய்ய அட்டை விவரத்தைத் திரும்பப் பதியவும்" என்று இணைப்பு வந்தால் தொடவே வேண்டாம். அது தனித் திருட்டு.

யாரும் எடுக்காத சவாரியைத் தளம் எப்படி முடிக்கிறது என்பதில்தான் சாமர்த்தியம். ரத்து செய்தால் பணத்தைத் திருப்ப வேண்டும். "பயணி வரவில்லை" என்று மூடிவிட்டால் திருப்ப வேண்டியதில்லை. இதற்கு இரண்டு விஷயங்கள் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன: முனையமும் நேரமும்.

எல் பிராட்டில் முனையம் 1-க்கும் 2-க்கும் நடுவே ஏறத்தாழ 4 கி.மீ., இலவசப் பச்சைப் பேருந்தில்தான் போய்வர வேண்டும். தோஹா, துபாய் வழியாக வருபவர்கள் இறங்குவது முனையம் 1. முன்பதிவில் "பார்சிலோனா விமான நிலையம்" என்று மட்டும் இருந்தால், முனையம் 2-இல் பெயர்ப்பலகையோடு எடுத்த ஒரு படம் "ஓட்டுநர் வந்தார்" என்பதற்குச் சாட்சியாகிவிடும். விமான எண்ணையும் முனையத்தையும் குறிப்புப் பகுதியில் எழுதி, அது அச்சுச் சீட்டிலும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தளத்தில் தட்டியது ஓட்டுநருக்குப் போகும் தாளில் இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது நேரம். "60 நிமிடம் இலவசக் காத்திருப்பு" என்றால் எதிலிருந்து 60? விமானம் உண்மையில் தரை தொட்ட நேரத்திலிருந்தா, கால அட்டவணை நேரத்திலிருந்தா, நீங்கள் படிவத்தில் இட்ட நேரத்திலிருந்தா? மூன்றும் வழக்கத்தில் உள்ளன, மூன்றாவதுதான் பயணிக்கு மோசமானது. தோஹாவிலிருந்து நேரே வந்தால் ஷெங்கன் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குடியேற்றச் சோதனை பார்சிலோனாவிலேயே நடக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில், முதல் தடவை வருபவரிடம் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். வரிசை, பிறகு பெட்டி. ஒரு மணி நேரம் போதும் என்று நினைக்கக் கூடாது. 90 நிமிடம் எழுத்தில் வாங்குங்கள். பாரிஸ், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக வந்தால் அந்தச் சோதனை அங்கேயே முடிந்திருக்கும், அப்போது 60 போதும்.

நள்ளிரவைத் தாண்டி இறங்கும் விமானத்தில் இன்னொரு குழி. 14-ஆம் தேதி இரவு கிளம்பி 00:40-க்கு இறங்கினால் அது 15-ஆம் தேதி. படிவத்தில் 14 என்று போட்டால் ஓட்டுநர் முந்தின நாள் அதிகாலையில் வந்து நின்றுவிட்டுப் போயிருப்பார். அது பயணியின் பிழைதான், எந்தத் தளமும் பணம் தராது.

வண்டி வராதபோது வருகைக் கூடத்தில் தேடி வருபவர்கள் பெரும்பாலும் உரிமம் இல்லாதவர்கள். முறையான டாக்ஸி ஓட்டுநர் உள்ளே வந்து ஆள் பிடிப்பதில்லை. கருப்பு மஞ்சள் வண்டி வெளியே வரிசையில்தான் நிற்கும். ஸ்பெயினில் டாக்ஸிக்கும், விடிசி என்று சொல்லப்படும் ஓட்டுநரோடு கூடிய வாடகைக் காருக்கும் பின்பக்க எண்பலகை நீல நிறத்தில் இருக்க வேண்டும். 2018-இல் வந்த விதி அது. முன்பக்கம் வழக்கமான வெள்ளைதான், அதனால் சுற்றிப் போய்ப் பின்னால் பாருங்கள். பின்னாலும் வெள்ளை என்றால் பெட்டியை டிக்கியில் வைக்காதீர்கள். பெட்டி உள்ளே போய்விட்டால் பேரம் பேசும் பலம் அவன் கைக்குப் போய்விடும்.

சுங்கம் என்று வாங்கிய 24 யூரோ பச்சைப் பொய். பார்சிலோனாவிலிருந்து ஜிரோனா, ஃபிகெரெஸ் வழியாக பிரெஞ்சு எல்லைக்குப் போகும் ஏபி-7 நெடுஞ்சாலையில் 2021 செப்டம்பர் 1 முதல் சுங்கம் கிடையாது. கடாக்கேஸ் போகும் வழியில் ஒரு காசு கூடக் கட்ட வேண்டியதில்லை. பழைய பயணக் குறிப்புகளில் சுங்கக் கட்டணம் இன்னும் அப்படியே கிடப்பதால் இந்தப் பொய் செல்லுபடியாகிறது. சிட்ஜெஸ் பக்கம் போகும் சி-32 கராஃப் சுரங்கங்கள், வால்விட்ரேரா சுரங்கம், பிரனீஸ் பக்கம் போகும்போது காடி சுரங்கம் இவற்றில் இன்றும் சுங்கம் உண்டு. எந்தத் திசையில் போகிறோம் என்று தெரிந்தால் யார் சொல்வது உண்மை என்றும் தெரிந்துவிடும்.

திரும்பும்போது வந்த சிறிய காருக்கு வருவோம். தளங்களில் "4 பேர், 4 பெட்டி" என்று காட்டும் செடான் படத்தை நம்பக் கூடாது. 28 அங்குலப் பெட்டி இரண்டு, கூட இரண்டு கைப்பெட்டி, அவ்வளவுதான் ஒரு நடுத்தரக் காரின் டிக்கி. நான்கு பெரிய பெட்டிக்கு மெர்சிடிஸ் விட்டோ போன்ற வேன் தேவை. பெட்டிகளின் அளவைச் செ.மீ. கணக்கில் எழுதிவிடுங்கள். ஆள் கணக்கில் கைக்குழந்தையும் சேரும். 135 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஸ்பெயினில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கை கட்டாயம். நகருக்குள் ஓடும் டாக்ஸிக்கு விலக்கு உண்டு, 185 கி.மீ. பயணத்துக்குக் கிடையாது. "குழந்தை இருக்கை தேவை" என்று மட்டும் எழுதினால் எதையாவது கொண்டுவருவார்கள், அல்லது கொண்டுவரவே மாட்டார்கள். வயது, எடை, உயரம் மூன்றையும் கொடுங்கள்.

ஊர்ப் பெயரில் ஏமாறுவது கடாக்கேஸுக்குப் பொருந்தாது, ஆனால் பக்கத்துக் கடற்கரைக்குப் போகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். சான்ட் ஃபெலியூ தெ கீஷோல்ஸ் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோஸ்டா பிராவா கடற்கரையில் இருக்கிறது. சான்ட் ஃபெலியூ தெ யோப்ரெகாட் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே உள்ள ஊர். "சான்ட் ஃபெலியூ" என்று தட்டியதும் முதலில் வருவதை அழுத்தினால் 40 யூரோவுக்கு வண்டி கிடைத்துவிடும். மீதித் தகராறு நடுரோட்டில். அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள்: ஜிரோனா மாகாண ஊர் என்றால் 17-இல் தொடங்கும், பார்சிலோனா மாகாணம் என்றால் 08.

கடாக்கேஸுக்குள் நுழைவது தனிக் கதை. ரோசெஸ் பக்கமிருந்து மலையேறி இறங்கும் ஜிஐ-614 சாலை முழுக்க வளைவு. வாந்தி வரும் குழந்தைக்குப் பையை எடுத்து வையுங்கள், இருக்கை கழுவ என்று தனித் தொகை கேட்கிறார்கள். பழைய ஊருக்குள், செங்குத்தாகப் பதித்த பலகைக்கல் சந்துகளில் கார் போகாது. "வாசல் வரை" என்று விற்றதெல்லாம் ஊர் முகப்பில் உள்ள வண்டி நிறுத்தத்தில் முடியும். சக்கரப் பெட்டியை அந்தக் கல்லில் இழுப்பவருக்குத்தான் தெரியும் அருமை. இது ஓட்டுநரின் குற்றமல்ல, விற்றவரின் குற்றம். தங்குமிடத்தாரிடம் "வண்டி எதுவரை வரும்?" என்று முன்பே கேட்டு, அந்த இடத்தையே இறங்குமிடமாக எழுதுங்கள்.

என்னைக் கேட்டால், போக வரச் சேர்த்துப் பணம் கட்டியதே இந்த முன்பதிவின் பெரிய தவறு. விமான நிலையத்தில் வண்டி தவறினால் வேறு வழி உண்டு. கடாக்கேஸில் அதிகாலை நான்கு மணிக்குத் தவறினால் கிடையாது. அங்குள்ள டாக்ஸிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், அந்த நேரத்தில் பேருந்தும் இல்லை. திரும்பும் பயணத்தைத் தங்குமிடத்தார் வழியாக உள்ளூர் டாக்ஸியிடம் சொல்லி, இறங்கும்போது பணம் கொடுங்கள். அவர் நாளைக்கும் அந்த ஊரில் முகம் காட்ட வேண்டியவர்.

போகும் வழிக்குத் தனி வண்டியே வேண்டாம் என்றால், முனையம் 2-இலிருந்து ஆர்2 நோர்ட் ரயிலில் பார்சிலோனாவின் சான்ட்ஸ் நிலையம், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் ஃபிகெரெஸ்-விலாஃபான்ட். பிறகு 40 கி.மீ.க்கும் குறைவான தூரத்துக்கு மட்டும் டாக்ஸி. ஃபிகெரெஸில் இரண்டு ரயில் நிலையங்கள். கடாக்கேஸ் பேருந்து கிளம்பும் பேருந்து நிலையம் பழைய நிலையத்தின் பக்கம் இருக்கிறது, விலாஃபான்ட் பக்கம் அல்ல.

வண்டி வராமல் நிற்கிறவர் செய்ய வேண்டியது: தளத்தின் செயலியிலும் வாட்ஸ்அப்பிலும் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "முனையம் 1, வருகைக் கூடத்தில் நிற்கிறோம்" என்று எழுதுங்கள். முனையப் பெயரும் நேரமும் தெரியும் விமானத் தகவல் பலகை முன்னால் படம் எடுங்கள். எடுக்கப்படாத அழைப்புகளின் பட்டியலையும் படமாக்குங்கள். இலவசக் காத்திருப்பு முடிந்ததும் "ஓட்டுநர் வரவில்லை, வேறு வண்டியில் போகிறோம்" என்று எழுதிவிட்டுக் கிளம்புங்கள். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் "பயணி போய்விட்டார்" என்பது அவர்கள் கதையாகிவிடும்.

பணத்தைத் திரும்பப் பெற, முதலில் தளத்துக்கு எழுத்தில் புகார். அது மறுத்ததும் அட்டை கொடுத்த வங்கியிடம் "சேவை வழங்கப்படவில்லை" என்ற காரணத்தில் கட்டணத்தை எதிர்க்க வேண்டும். கெடு பெரும்பாலும் சேவை நடக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாள். இணையத்தில் வாங்கியதை 14 நாளில் திருப்பலாம் என்ற ஐரோப்பிய விதி பயணிப் போக்குவரத்துக்குப் பொருந்தாது, அதைச் சொல்லி வாதாட வேண்டாம். சீட்டில் உள்ளூர் வண்டி நிறுவனத்தின் பெயர் இருந்தால் பார்சிலோனாவும் கடாக்கேஸும் அடங்கிய கத்தலோனியாப் பகுதியின் அதிகாரபூர்வப் புகார்ப் படிவத்தை நிரப்பி அனுப்பலாம், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. பிரான்சு, ஜெர்மனி, டென்மார்க், நோர்வேயில் வாழ்பவர்கள் தங்கள் நாட்டு ஐரோப்பிய நுகர்வோர் மையத்தை இலவசமாக நாடலாம். சென்னையிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருபவர்களுக்கு அந்த வழி இல்லை, வங்கி ஒன்றுதான்.

போக வரச் சேர்த்துக் கட்டியிருந்தால் வங்கியிடம் முழுத் தொகையையும் கேட்காதீர்கள். நடக்காத பாதியை மட்டும் தனியாகக் காட்டுங்கள். இந்த முன்பதிவில் அது 165. தாமதமாக வந்த சிறிய காரைப் பற்றித் தனிப் புகார், டிக்கியில் ஏறாத பெட்டிகளின் படத்தோடு.