வெள்ளைத் துண்டும் மல்லிகைச் சரமும்: போட்டோ கட்டிங்கில் என் அனுபவம்

திருமங்கலத்தில் ஒரு ஸ்டுடியோவில் 2009-இலிருந்து எடிட்டிங் பார்க்கிறேன். கல்யாண ஆல்பம், காதுகுத்து ஃபிளெக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, இறந்தவர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடுவது என எது வந்தாலும் முதல் வேலை ஆளைப் பின்னணியிலிருந்து கட் பண்ணுவதுதான். போட்டோஷாப் சிஎஸ்3-இல் தொடங்கி இப்போதைய சந்தாப் பதிப்பு வரை இதே வேலைதான்.

சிஎஸ்3-லேயே, பிரஷால் தேய்த்தால் ஓரத்தைத் தானே கண்டுபிடிக்கும் குயிக் செலக்‌ஷன் வந்துவிட்டது. ஆனால் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அதைத் தொட விடமாட்டார். "மொதல்ல பென் டூல்ல கை பழகட்டும்டா" என்பார். அந்த டூலில் ஒரு ஜோடியைச் சுற்றிப் புள்ளி வைத்து வளைத்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். 2018 தொடக்கத்தில், ஆளைத் தானே கண்டுபிடித்துத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் சப்ஜெக்ட் வந்தபோது அதே வேலை ஒரே கிளிக்கில் முடிந்தது. உண்மையிலேயே பெரிய விஷயம் அது. முகூர்த்த மாதங்களில் ராத்திரி தூங்க முடிந்ததே அதனால்தான்.

ஆனாலும் பென் டூலை நான் விடவில்லை. காரணம் ஒரு துண்டு.

டி.கல்லுப்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், இறந்துபோன கணவரின் படத்தைக் கொண்டுவந்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் எடுத்த குரூப் போட்டோ. அவரை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். வேலை நெருக்கடியில், பின்னணியை நீக்கித் தரும் ஓர் இணையதளத்தில் ஏற்றி, வந்ததை அப்படியே பிரிண்ட் போட்டுவிட்டேன். படத்தைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இவுக தோள்ல துண்டு எங்கப்பா?" என்று கேட்டார். "துண்டு இல்லாம ஒருநாளும் வாசல் தாண்டினதில்ல."

வெள்ளைச் சுவரோடு வெள்ளைத் துண்டும் போய்விட்டிருந்தது. பார்க்காமல் விட்டது என் தப்பு. அன்று சாயங்காலமே உட்கார்ந்து, மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அடுக்கு) வைத்து, இருட்டும்படி இழுத்தேன். சுவருக்கும் துணிக்கும் நடுவே மங்கலாக ஒரு நிழல் கோடு தெரிந்தது. அதைப் பிடித்துப் பென் டூலில் வரைந்து, கர்வ்ஸை நீக்கிவிட்டேன். துண்டு திரும்ப வந்தது. வெள்ளைமேல் வெள்ளை, கறுப்புமேல் கறுப்பு என்று எந்தப் படம் வந்தாலும் இன்றுவரை இதுதான் என் வழி.

அடுத்த சோதனை, தலை நிறைய மல்லிகை வைத்த பொண்ணு. நம்ம ஊர்க் கல்யாணத்தில் இது இல்லாத படமே கிடையாது. செலக்ட் சப்ஜெக்ட் போட்டுவிட்டு, ஓரத்தைச் சரிசெய்யும் செலக்ட் அண்ட் மாஸ்க் பகுதியில் ரிஃபைன் எட்ஜ் பிரஷை முடி ஓரத்தில் தேய்த்தால் இழை இழையாக அழகாக வரும். அதே பிரஷைப் பூவின் மேல் ஓட்டினால் இதழ்கள் பாதி தெரிந்தும் தெரியாமலும் புகைபோல ஆகிவிடும். அதனால் முடிக்குப் பிரஷ், பூவுக்குப் பென். ஓரத்தில் ஒட்டிய பின்னணி நிறத்தை நீக்கும் டீகன்டாமினேட் கலர்ஸ் முடிக்கு நல்லது, பூவுக்கு ஆகாது. கூந்தலின் கறுப்பு இதழில் ஏறி, பூ வாடியதுபோல் தெரியும். முடியையும் பூவையும் தனித்தனி லேயரில் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. அப்புறம், பின்னணியை ஒருமுறை கறுப்பாகவும் ஒருமுறை வெள்ளையாகவும் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒளிந்த பிழை மற்றதில் தெரிந்துவிடும்.

ஃபிளெக்ஸுக்கு இன்னும் கவனம் வேண்டும். படத்தில் 400 பிக்சல் உயரமுள்ள முகம் பேனரில் 2 அடிக்குப் போனால் ஒரு பிக்சல் 1.5 மில்லிமீட்டர். ஓரத்தில் 3 பிக்சல் வெள்ளை விட்டிருந்தால், தாய்மாமன் தலையைச் சுற்றி அரை சென்டிமீட்டர் வெள்ளைக் கோடு ஓடும். கட் பண்ணிய ஓரத்தை உள்ளே வெளியே நகர்த்தும் ஷிஃப்ட் எட்ஜைக் கொஞ்சம் மைனஸில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

படம் எடுப்பவர் நம் ஆளாக இருந்தால், சுவரிலிருந்து ஆளை நாலைந்து அடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். நிழல் விழாது, சுவரின் நிறமும் சட்டையில் ஏறாது.

சந்தா கட்ட முடியாத தம்பிகள் ஜிம்ப் என்ற எடிட்டிங் மென்பொருளில் பழகலாம். இலவசம்தான், பென் டூலுக்கு ஈடான பாத்ஸும், படத்தை அழிக்காமல் மறைக்கும் லேயர் மாஸ்க்கும் அதில் உண்டு. எதில் செய்தாலும் எரேசரை மட்டும் தொடாதீர்கள். அழித்தது போனதுதான்; மாஸ்க்கில் மறைத்ததை வெள்ளைப் பிரஷ் வைத்தால் திரும்பக் கொண்டுவரலாம்.

போன மாதம் அந்த அம்மா பேத்தி காதுகுத்து ஃபிளெக்ஸுக்காக வந்தார். மேலே ஓரமாகத் தாத்தா படம் வேண்டுமாம். லேயர்களோடு சேமித்த பழைய பிஎஸ்டி ஃபைலைத் திறந்தேன். மாஸ்க்கும் பென் டூலில் வரைந்த பாதையும் அப்படியே இருந்தன. துண்டோடு அவரைத் தூக்கிப் புதுப் பின்னணியில் வைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.