ராமநாதபுரம் கடற்கரையில் எங்கே, எந்த நேரத்தில் சாப்பிடலாம்

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் மதுரையில் இறங்கியதும் கறிதோசை, ஜிகர்தண்டா என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ராமநாதபுரம் வந்ததும் வீட்டுச் சாப்பாட்டோடு அடங்கிவிடுவது வழக்கம். "நம்ம ஊரு ஓட்டல்ல அப்படி என்ன இருக்கு?" என்று உறவுக்காரர்களே கேட்பார்கள். இந்த முறை ஜூன் கடைசியில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு வந்தேன். கீழக்கரை, பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று வெளியே சாப்பிடுவதையே வேலையாக வைத்துக்கொண்டேன். நிறையவே இருக்கிறது. ஆனால் பெயர்ப்பலகையை நம்பிப் போனால் கண்ணில் படாது. நேரம் தெரிந்து, ஆளிடம் விசாரித்துப் போக வேண்டும்.

ராமநாதபுரம் டவுனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இட்லி, பொங்கல், மதியம் சாப்பாடு, இருட்டியதும் பரோட்டா சால்னா. தமிழ்நாட்டில் எங்கும் உள்ளதுதான், தரமும் குறைவில்லை. பஸ் ஏறிக் கீழக்கரை போனால்தான் கதையே வேறு.

கீழக்கரைக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். அப்போதுதான் இடியாப்பமும் கறியாணமும் (ஆணம் என்றால் இங்கே குழம்பு) சூடாக இருக்கும். கூடப் படித்த நண்பன் அழைத்துப் போன கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே நான்கு மேசை. இடியாப்பம் பக்கத்துத் தெரு வீடுகளில் பெண்கள் பிழிந்து அனுப்புவது, ஆணம் மட்டும் கடையில் காய்ச்சுவது. ஒன்பதரைக்கெல்லாம் சட்டி காலி. "காக்கா, வட்டலப்பம் இருக்கா?" என்று நண்பன் கேட்டான். காக்கா என்றால் இங்கே அண்ணன். கல்லாவில் இருந்தவர், "அது முதல் நாளே சொல்லி வைக்கணும் தம்பி, வீட்ல செஞ்சுதான் வரணும்" என்றார். சொல்லிவைத்தோம். மறுநாள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் ஒன்றாகி, கரண்டி வைத்தால் மெல்ல நடுங்கும் பதம். முட்டை வாடை துளியும் இல்லை. அதற்காக ஒரு நாள் காத்திருந்தது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

தொதல் என்கிற இனிப்பைக் கிண்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, முந்திரி, அவ்வளவுதான் சரக்கு. மற்றதெல்லாம் கை வலிமை. பெரிய சட்டியில் இரண்டு பேர் மாறி மாறித் துடுப்புப் போட்டார்கள். முதலில் கஞ்சியாகக் கொதிக்கிறது, பிறகு இறுகித் துடுப்பை இழுக்கிறது, கடைசியில் தேங்காயெண்ணெய் பிரிந்து ஓரமெல்லாம் பளபளக்க, மொத்தமும் சட்டியில் ஒட்டாமல் ஒரே உருண்டையாகப் புரள்கிறது. அந்த நேரம் வரை கை நிற்கக் கூடாது, நின்றால் அடிப்பிடித்துவிடும். தட்டில் கொட்டி ஆறவைத்துத் துண்டு போடுகிறார்கள். பல கடைகளில் சீனி போட்டதும் கிடைக்கிறது. நான் சொல்வேன், கருப்பட்டி போட்டதையே கேட்டு வாங்குங்கள். சாயல்குடிப் பக்கத்துப் பனைகளை நம்பி இருக்கிற ஊர்களுக்கும் அந்தக் காசில் ஒரு பங்கு போகும்.

வட்டலப்பமும் தொதலும் மாசிக் கருவாட்டுச் சம்பலும் இலங்கையிலும் உண்டு. வியப்பில்லை. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடிக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னாருக்குப் போவது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணமாக இருந்தது. கீழக்கரையின் முஸ்லிம் வணிகர்களான மரக்காயர்கள் அதற்கும் பல நூறு வருஷம் முன்பிருந்தே அந்தக் கரையோடு வியாபாரம் செய்தவர்கள். சமையலும் கூடவே போய்வந்திருக்கிறது.

அடுத்து பாம்பன். சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தைப் படம் எடுத்துவிட்டு அப்படியே ராமேஸ்வரம் போய்விடுகிறார்கள். பாம்பன் ஊருக்குள் இறங்குங்கள். மீனவர் வீட்டு முன்பக்கத்திலேயே மதியச் சாப்பாடு போடும் இடங்கள் இருக்கின்றன. நான் சாப்பிட்ட இடத்தில் சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே அக்கா. "என்ன மீன் இருக்கு?" என்று கேட்டதற்கு, "இன்னிக்கு எல்லாம் வடகடல் மீனுதான், தென்கடல்ல கச்சான் அடிக்குது" என்றார். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஆனி, ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கி இருக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை தொடங்கினால் அப்படியே மாறும். காற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் குழம்பில் என்ன மீன் என்பதும்.

அன்று எனக்குக் கிடைத்தது ஊளி மீன் குழம்பும் காரல் பொரியலும். குழம்பின் நிறம் நல்ல சிவப்பு, ஆனால் நாக்கை எரிக்கவில்லை. "முண்டு மிளகாய் தம்பி, வேறென்ன" என்றார் அக்கா, என் ஆச்சரியத்தைப் பார்த்து. மானாவாரியாக இந்த மாவட்டத்தில் விளையும் குண்டு மிளகாய்தான் அது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காரல் சின்ன மீன், முள் அதிகம், பெரிய ஓட்டல்களில் சீண்ட மாட்டார்கள். நல்ல மொறுமொறுப்பாகப் பொரித்தால் முள்ளோடு மென்றுவிடலாம். சீலா வறுவல் எந்த ஊரிலும் கிடைக்கும். இங்கே வந்து காரலும் ஓராவும் சூடையும் சாப்பிடாமல் போவது எனக்கு மனசு கேட்காது.

நாளும் பார்க்க வேண்டும். ராமேஸ்வரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு இறாலும் நண்டும் கணவாயும் தாராளம். மற்ற நாட்களில் நாட்டுப்படகு மீன். அளவு குறைவு, ருசியில் ஒரு படி மேல் என்பது என் கட்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது. அப்போது வருகிறவர்கள் நாட்டுப்படகு மீனைத்தான் நம்ப வேண்டும், விலையும் ஏறியிருக்கும்.

ராமேஸ்வரத்தில் கோவிலைச் சுற்றிச் சைவம்தான். 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்தோடு வருகிறவர்களுக்காக விடியற்காலையிலேயே இட்லியும் காபியும் தயார். வடக்கத்திக்காரர்களுக்குப் பூரியும் சப்பாத்தியும் இந்தியில் எழுதிய பலகையும் உண்டு. வேகமான, மரியாதையான கவனிப்பு. அசைவத்துக்குக் கொஞ்சம் வெளியே வர வேண்டும். அங்கே ஒரு ஏசி ஓட்டலில்தான் எனக்கு மனக்கசப்பு. மெனு அட்டையில் மீனுக்கு விலை போடவில்லை. பில் வந்தபோது பாம்பனில் கொடுத்ததைப்போல மூன்று மடங்குக்கு மேல். கேட்டதற்கு "சீசன் ரேட் சார்" என்று ஒரே வார்த்தை. மீனைக் காட்டி, எடை போட்டு, விலை சொன்ன பிறகு அடுப்பில் வைப்பதுதான் முறை. நீங்களும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தனுஷ்கோடிக்கு 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் மீனவக் குடும்பங்கள் கொட்டகை போட்டு மீன் பொரித்துக் கொடுக்கிறார்கள். சட்டியில் போடும் முன் மீனைக் கையில் வாங்கிச் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருந்தால் சரி. யாரும் கோபிப்பதில்லை. ஜிபே எல்லாம் மற்ற ஊர்களில் தேநீர்க் கடை வரை ஓடுகிறது, நான் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கை இணைத்துக்கொண்டு வந்ததால் சிரமமில்லை. தனுஷ்கோடியில் மட்டும் சிக்னலை நம்பாமல் கையில் ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டல்காரர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பலகையில் ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் எழுதுகிற அதே சாக்பீஸில் இன்றைய மீன் இன்னது, விலை இவ்வளவு, வட்டலப்பம் நாளைக்கு உண்டு என்று மூன்று வரி சேர்த்து எழுதுங்கள். இடியாப்பம் பிழிந்து அனுப்பும் அந்த வீடுகளுக்கும் பாம்பன் அக்காவுக்கும் வெளியூர்க்காரர்கள் தானாக வந்து சேருவார்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இந்த முறை போக முடியவில்லை. அங்கே நண்டு நன்றாக இருக்கும் என்கிறார்கள். அடுத்த லீவு அந்தப் பக்கம்தான்.