முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி: எங்கே கைகொடுக்கிறது, எங்கே சிக்குகிறது

தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்ணுக்கு அரசு தரும் உதவிகளில் பெரியது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். மொத்த மதிப்பு 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கமாக வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு, தலா 2,000 மதிப்பில் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். தாயையும் சேயையும் மாதாமாதம் பரிசோதனைக்கு வரவைக்கும் ஏற்பாடு என்று பார்த்தால் இது அருமையான திட்டம். கூலி வேலையை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த நாட்களின் வருமானம் என்று பார்த்தால் தொகையும் போதாது, வரும் நேரமும் பொருந்தாது.

1987-இல் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. 2006-இல் 6,000, 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று வளர்ந்தது. ஒன்றிய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய்தான். இரண்டாவது குழந்தைக்கு, அதுவும் பெண்ணாக இருந்தால் மட்டும், 6,000. அந்தப் பணமும் இங்கே மாநிலத் திட்டத்துக்குள் சேர்ந்தே வருகிறது. தமிழ்நாட்டில் இரண்டாவது குழந்தை ஆணா பெண்ணா என்ற கேள்வியே கிடையாது. முதல் இரண்டு பேறுகளுக்கு உதவி உண்டு, அவ்வளவுதான். இதை மனதாரப் பாராட்டலாம்.

யாருக்குக் கிடைக்கும்? வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பம், தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும், முதல் இரண்டு பேறு. அரசு வேலையில் இருப்பவர்களுக்கும், சட்டப்படி சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு பெறுபவர்களுக்கும் இது இல்லை. அரசு மருத்துவமனைப் பிரசவத்தை ஊக்குவிக்கத்தான் இந்தத் திட்டமே. ஆகவே தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்க்க நினைப்பவர்கள், பின்னால் வரும் தவணைகள் என்னவாகும் என்பதைப் பகுதி நர்சம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

இதற்கு வாசல் பிக்மி பதிவு, அதாவது கர்ப்பிணியையும் குழந்தையையும் பின்தொடரும் அரசின் கணினிப் பதிவு. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும். நாள் தள்ளிப்போனதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டு அங்கேயே பதிவதுதான் சுருக்கமான வழி. இணையத்திலும் பதியலாம், 102-ஐ அழைத்தும் பதியலாம். ஆனால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் நாமே பதிந்தால் முதலில் கிடைப்பது முன்பதிவு எண் மட்டும். சுகாதார செவிலியர் நேரில் சரிபார்த்த பிறகுதான் தாய் சேய் நலத்துக்கான 12 இலக்க ஆர்சிஎச் எண் உருவாகும். முன்பதிவு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டால் பன்னிரண்டு வாரம் ஓடிப்போகும். எண்ணை எண்ணிப் பாருங்கள்: 12 இலக்கம் இருந்தால் மட்டுமே வேலை முடிந்தது. இந்த எண் பணம் வேண்டாதவர்களுக்கும் தேவை. 2017 முதல் குழந்தையின் பிறப்பைப் பதிய இதைக் கேட்கிறார்கள், தனியார் மருத்துவமனையில் பிறந்தாலும்.

எடுத்துப்போக வேண்டியவை: கணவன், மனைவி இருவரின் ஆதார், குடும்ப அட்டை, மனைவி பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம், பயன்பாட்டில் உள்ள கைபேசி எண், கடைசி மாதவிலக்கு தேதி. தேதியைத் தோராயமாகச் சொல்லக் கூடாது. தவணைக்கான மாதக் கணக்கு முழுவதும் அதை வைத்துத்தான் ஓடும்.

பெட்டகத்துக்கு வருவோம். கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று. உள்ளே சத்துமாவு, பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக், குடற்புழு நீக்க மாத்திரை, துண்டு, கூடை, கப். பணத்தை விடப் பெட்டகமே மேல் என்று சொல்லலாம், ஏனென்றால் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். பெட்டகத்தில் உயிர்நாடி டானிக்தான். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. பிரசவ நேரத்து ரத்தப்போக்கைத் தாங்க உடம்பில் தெம்பிருக்காது. டானிக்கைக் காபி, டீயோடு குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாது. குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்தும் எடுக்கக் கூடாது, ஒன்று காலை என்றால் மற்றது இரவு. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் அதிகம். அது டானிக்கின் இயல்பு. புழு மாத்திரையை முதல் மூன்று மாதம் கடந்த பிறகு, செவிலியர் சொல்லும் நாளில்தான் போட வேண்டும். பெட்டகம் மூன்றாம் மாதத்திலேயே கைக்கு வந்துவிடுவதால் இதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பெட்டகத்தில் ஒரு குறை உண்டு. எல்லோருக்கும் ஒரே பொருட்கள். கர்ப்பகாலச் சர்க்கரை இருக்கிறதா என்று அனைத்துக் கர்ப்பிணிகளுக்கும் பரிசோதிக்கும் முறையை 2007-லேயே கொண்டுவந்த மாநிலம் இது. 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் சர்க்கரை. அப்படித் தெரிந்தவர் கையிலும் அதே பேரீச்சம்பழம், அதே நெய், அதே சத்துமாவு. அவர்களுக்கென வேறொரு பெட்டகம் தயாரிப்பது பெரிய காரியமல்ல. அதுவரை, சர்க்கரை இருப்பவர்கள் பழத்தையும் மாவையும் எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவ அலுவலரிடம் கேட்ட பிறகே தொட வேண்டும்.

இனி ரொக்கம். 2024-க்கு முன் ஐந்து தவணை: பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்தால் 2,000, நான்காம் மாதம் கடந்ததும் 2,000, பிரசவம் ஆனதும் 4,000, குழந்தைக்குப் பெண்டா எனும் ஐந்து நோய்த் தடுப்பூசியின் மூன்றாவது ஊசி முடிந்ததும் 4,000, குழந்தைக்கு ஒன்பது மாதத்துத் தடுப்பூசி போட்டதும் 2,000. 2024-இல் இதை மூன்றாகச் சுருக்கினார்கள். கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதத்தில் 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. மொத்தத் தொகையில் மாற்றம் இல்லை. ஐந்து முறை சரிபார்ப்பு மூன்றானதால் சிக்கும் இடங்கள் குறைந்தன. முதல் தவணை கனமானது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் பிரசவத்தை ஒட்டி வந்த 4,000 அந்த இடத்திலிருந்து போய்விட்டது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்கும் குழந்தையின் நான்காம் மாதத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்பது மாதம். வயிறு பெரிதாகி வேலைக்குப் போக முடியாத கடைசி இரண்டு மாதம், பிரசவம், பச்சை உடம்புக்காரியாகப் படுத்திருக்கும் நாட்கள் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் வருகின்றன. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு பிரசவத்துக்கென ஒன்றிய அரசின் ஜனனி சுரக்ஷா திட்டத்தில் கிராமத்துக்கு 700, நகரத்துக்கு 600 ரூபாய் உண்டு. அதை வைத்து என்ன செய்ய முடியும்? மூன்று தவணையாகவே இருக்கட்டும், இரண்டாவதைப் பிரசவத்தன்று கொடுக்கலாம். தடுப்பூசிக்கு வரவைக்க ஒன்பதாம் மாதத் தவணையைக் கொஞ்சம் கூட்டிவைத்தால் போதும்.

இதையே விடுப்போடு வைத்துப் பார்த்தால்தான் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியும். 2017 திருத்தத்துக்குப் பின் மகப்பேறு பயன் சட்டப்படி முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் உரிமை வந்துவிடும். இந்த விதிகள் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் வந்திருக்கின்றன. 26 வாரமும் 80 நாளும் அப்படியே இருக்கின்றன. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம். வயலில் நாற்று நடுபவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும், சித்தாளுக்கும் நடைமுறையில் பெரும்பாலும் இருப்பது இந்த 14,000தான். அதை 26 வாரத்தின் 182 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 77 ரூபாய்கூட வராது. பிரசவமான ஆறு வாரத்துக்குள் எந்தப் பெண்ணையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. அந்த ஆறு வாரத்தில் அவர் எதைச் சாப்பிடுவார் என்பதற்கு நிதியுதவித் திட்டத்தில் இன்று விடை இல்லை. அப்பாக்களின் நிலை இன்னும் மோசம்: ஒன்றிய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு, தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாளும் கிடையாது.

பணம் வராமல் போவதற்கான காரணம் பெரும்பாலும் வங்கிப் பக்கத்தில்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன் எடுத்த ஆதாரில் அப்பாவின் இனிஷியல், கல்யாணத்துக்குப் பின் தொடங்கிய கணக்கில் கணவரின் இனிஷியல், பிக்மியில் இனிஷியலே இல்லாமல் வெறும் பெயர். மூன்றும் ஒரே பெண் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்ற இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பதிவின்போது செவிலியர் திரையில் தட்டச்சு செய்யும்போதே பக்கத்தில் நின்று பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது ஆதார் இணைப்பு. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தோமே என்பார்கள். அது அடையாளச் சான்றுக்குக் கொடுத்தது. அரசுப் பணம் ஆதார் வழியாக வர, வங்கிகளுக்கு இடையே பணம் மாற்றும் அமைப்பான என்பிசிஐயின் பட்டியலில் அந்தக் கணக்கு ஏறியிருக்க வேண்டும். அதற்கு வங்கியில் தனியாக ஒரு ஒப்புதல் படிவம் உண்டு. ஒரு ஆதாருக்கு ஒரே கணக்குதான் ஏறும், கடைசியாக இணைத்தது எதுவோ அதற்கே பணம் போகும். நகைக்கடனுக்காகவோ சுயஉதவிக் குழுவுக்காகவோ இடையில் வேறு வங்கியில் கணக்கு தொடங்கி அங்கே இணைப்பும் கொடுத்திருந்தால், பழைய புத்தகத்தை எத்தனை முறை பதிவு போட்டாலும் பணம் தெரியாது. அது புதுக் கணக்கில் கிடக்கும். மைஆதார் தளத்தில் உள்ளே நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று காட்டிவிடும். நூறு நாள் வேலைச் சம்பளம் பெண்ணின் கணக்கிலேயே விழுகிறதென்றால் அந்தக் கணக்கையே கொடுங்கள், புதிதாக எதுவும் தொடங்க வேண்டாம்.

கணவனோடு சேர்ந்த கூட்டுக் கணக்கும், வருடக்கணக்கில் தொடாமல் முடங்கிய கணக்கும் வேண்டாம். வங்கி இணைப்புகளுக்கு முந்தைய புத்தகத்தைக் காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்: சிண்டிகேட் கனராவில், அலகாபாத் இந்தியன் வங்கியில், ஆந்திரா, கார்ப்பரேஷன் இரண்டும் யூனியனில் சேர்ந்து ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் மாறிவிட்டன. புதுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகும் வழக்கத்தால் வரும் சிக்கல் தனி. புகுந்த வீட்டில் பதிந்தவர், பிறந்த ஊரில் இன்னொரு முறை பதியக் கூடாது. இரண்டு எண் ஆகிவிட்டால் பரிசோதனைகள் ஒன்றிலும் பிரசவம் மற்றொன்றிலும் ஏறும், இரண்டுமே முழுமையடையாது. தாய் சேய் நலப் புத்தகத்தோடு பழைய எண்ணைக் காட்டி, அதிலேயே தொடரச் சொல்ல வேண்டும். கிளம்பும் முன் புகுந்த வீட்டு நர்சம்மாவிடம் எந்த ஊர், எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று சொல்லிவிட்டுப் போனால் இரண்டு பக்கமும் தொடர்பு இருக்கும்.

குழந்தை பிறந்த பின் பணம் தடுப்பூசியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று பெண்டா ஊசி மூன்றும் முடிந்தால்தான் நான்காம் மாதத் தவணைக்கு வழி. சளி, காய்ச்சல் என்று ஒரு ஊசியைத் தள்ளினால் அடுத்தடுத்தவை தள்ளும், பணமும் தள்ளும். லேசான சளிக்கு ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. அடுத்து ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை ரூபெல்லா. தனியாரிடம் ஊசி போட்டால் அந்த அட்டையை எடுத்துப்போய்ச் செவிலியரிடம் பதியவைக்க வேண்டும். ஊசி போட்டதே அவர்கள் திரையில் தெரியாவிட்டால் போடாதது போலத்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் தவணை தாமதமாவது உண்டு. மாநிலப் பணமும் ஒன்றியப் பணமும் ஒரே தவணைக்குள் கலந்து வருவதால், மென்பொருள் ஒரு பக்கம் தடுமாறினாலும் தாயின் கைக்குப் பணம் வராது. செவிலியரைத் திட்டிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது பதிவு மட்டும், பணத்தை அனுப்புபவர் அவர் அல்ல. உள்ளூரில் முதலில் கேட்க வேண்டியது வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரை. அங்கே நகரவில்லை என்றால் மாவட்ட சுகாதார அலுவலகம், அதன்பின் ‘முதல்வரின் முகவரி’ என்ற குறைதீர்ப்புத் துறையின் 1100 தொலைபேசி எண். மனுவில் ‘பணம் வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் தேட முடியாது. ஆர்சிஎச் எண், எந்தத் தவணை, அதற்கான ஊசியோ பரிசோதனையோ முடிந்த தேதி, ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்று காட்டும் பக்கத்தின் நகல், கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம். இந்த ஐந்தும் இருந்தால் தவறு எந்தப் பக்கம் என்று அவர்கள் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.