வீட்டில் அடைந்து நிறுத்துவதா, மெத்தடோனில் தொடங்குவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை வெட்டும் என் தம்பி ஹெராயினை விட முனைந்தபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன: வீட்டில் அடைந்து கிடந்து ஒரேயடியாக நிறுத்துவது, அல்லது அரசாங்கக் கிளினிக்கில், ஹெராயினுக்குப் பதிலாக அளவோடு தரும் மெத்தடோன் என்ற மருந்துச் சிகிச்சையில் சேர்வது. இரண்டையும் பார்த்துவிட்ட எனக்கு இரண்டாவதன் மீதுதான் நம்பிக்கை.

முதல் வழிக்குச் செலவில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் தெரியாது. கடைசியாக எடுத்த 6 முதல் 12 மணி நேரத்துக்குள் கொட்டாவியும் மூக்கொழுகலுமாகத் தொடங்கும் வேதனை, 2, 3 நாள்களில் உச்சத்தை எட்டி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணியும். கை மயிர் சிலிர்க்கப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தவனுக்கு அம்மா கரண்டியால் ஊட்டிய கஞ்சித் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. எட்டாம் நாள் அவன் குளித்துத் திருநீறு பூசியபோது, எல்லாம் முடிந்ததென்றே நம்பினோம்.

ஆபத்து அதன் பிறகுதான் இருந்தது. நிறுத்திய சில நாள்களிலேயே உடல் போதையைத் தாங்கும் திறனை இழக்கிறது. ஆசையோ அப்படியே இருக்கிறது. பழைய அளவையே மறுபடி எடுப்பவருக்கு மூச்சே நின்றுவிடலாம். மூன்றாம் வாரம், சம்பள நாளன்று, தம்பி அதைத்தான் செய்தான். குளியலறை வாசலில் உதடு நீலம் பாரித்துக் கிடந்தவனைப் பக்கத்து வீட்டார் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தான். எது விரைவில் முடியும் என்று கேட்பதை அன்றே விட்டுவிட்டேன்; இடையில் சறுக்கினால் எந்த வழியில் உயிர் மிஞ்சும் என்பதே என் கேள்வியாயிற்று.

மலேசியாவில் 2005இல் தொடங்கிய மெத்தடோன் திட்டம் அதற்கு விடை தருகிறது. ஒருமுறை குடிக்கும் மருந்து ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வேதனையை அடக்குவதுடன், தாங்கும் திறனும் அடியோடு போய்விடாமல் காக்கிறது. மருந்து உடலில் தேங்கும் என்பதால் 20 முதல் 30 மில்லிகிராமில் தொடங்கி மெல்லவே கூட்டுவார்கள். அந்த முதல் வாரங்களில் சம்சு என்ற மலிவுச் சாராயமும் தூக்க மாத்திரையும் உயிருக்கே ஆபத்து. "ஒரு போதைக்கு இன்னொன்றா?" என்றார் சித்தப்பா. சரியான அளவில் எடுப்பவர் மயங்கிக் கிடப்பதில்லை, வேலைக்குப் போகிறார்.

நாள்தோறும் போவதுதான் கடினம். மருந்தாளர் கண்முன் குடித்து, விழுங்கியதைக் காட்ட இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வெளியே வரலாம். கிளினிக் திறப்பதற்குள் தோட்டத்தில் வெட்டு தொடங்கிவிடும். "அண்ணே, மருந்து குடிச்சிட்டுத்தான் வர முடியும்" என்று தம்பியே மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளரிடம்) சொன்னான். தாமதத்தால் சம்பளம் குறைகிறது, அதை ஏற்றுக்கொண்டோம்.

மெத்தடோனுக்கு மாற்றாக, நாக்கின் கீழ் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரையும் உண்டு. வேதனை தொடங்கிய பிறகே அதை எடுக்க வேண்டும். முந்தினால் அதுவே வேதனையைக் கிளப்பிவிடும். நாங்கள் அதைப் பயன்படுத்தாததால் இங்கே எடை போடவில்லை.

சீராக இருப்பவர்களுக்கு மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதுண்டு. பெரியவருக்கான அளவு குழந்தையைக் கொன்றுவிடும் என்பதால், தம்பிக்கு அந்த அனுமதி கிடைக்கும் முன்பே அம்மா பூட்டுள்ள பெட்டி ஒன்றை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார்.